கொடுக்கு வேண்டாம் என்றேன்

பஸ்ஸில் நின்றுகொண்டு போக நேர்ந்தால் நான் கம்பியைப் பிடிப்பதில்லை. வத்தலக்குண்டில் ஏறி மலை உச்சி வரை, அத்தனை வளைவுக்கும், ஏதாவது ஒரு சீட்டின் முதுகில் இடுப்பை அண்டக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். கண்டக்டர்கள் திட்டுவார்கள். "பெருசு, கம்பியப் புடிங்க. விழுந்து வச்சீங்கன்னா நாங்கதான் பதில் சொல்லணும்" என்பார்கள். விழுந்தாலும் விழுவேனே தவிர பிடிக்க மாட்டேன். ஓடுகிற எஞ்சினின் அதிர்வு இரும்பு வழியாக என் வலது உள்ளங்கைக்கு வந்தால், அதனூடே இன்னொன்றும் வரும். மூன்று தட்டு. சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி, நிதானமாக, இடைவெளி விட்டு. வயதான கோளாறு என்று என் மகள் டாக்டரிடம் அழைத்துப் போனாள். முப்பத்தைந்து வயதிலிருந்தே இருக்கிறது என்று நான் அந்த டாக்டரிடம் சொல்லவில்லை.

நான் கொடைக்கானலில் பிறந்தவன். அப்பா மிஷன் பங்களா ஒன்றில் சமையல்காரர். அந்தப் புண்ணியத்தில் மிஷன் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, பைப், பாய்லர், ஜெனரேட்டர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டேன். வாய்த்துடுக்கு அதிகம். அதனால் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் ரோடு காண்ட்ராக்டர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவரை முதலாளி என்றுதான் எல்லோரும் சொல்வோம். மழைக்காலத்தில் மலைப்பாதையில் எங்கே மண் சரிந்தாலும் எங்கள் கூட்டம் போகும். ஐம்பது பேர் கூடையும் மண்வெட்டியும் கடப்பாரையுமாக நாள்கணக்கில் அள்ளுவோம். பெரிய பாறை என்றால் வெடி வைப்போம், இல்லையென்றால் பள்ளத்தில் உருட்டிவிட்டு, கீழே யாரும் இல்லை என்று நம்பிக்கொள்வோம்.

எண்பதுகளின் நடுவில் முதலாளி ஒரு சின்ன மண் தோண்டும் மிஷினை வாங்கி வந்தார். எங்கோ துறைமுக வேலைக்காகக் கப்பலில் வந்தது, வேலை முடிந்ததும் ஏலத்துக்கு வந்திருக்கிறது. முழு மிஷினும் ஒரு லாரி முதுகில் ஏறிவிடும். பெரிய மிஷின்கள் திரும்பவே முடியாத காபித் தோட்டத்துப் பாதைகளில் இது அழகாகத் திரும்பும். குட்டி என்று பெயர் வைத்தோம். எஞ்சின் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் குட்டி என் கைக்கு வந்தது. ஒரே மாதத்தில் அதன் கையும் வாளியும் என்னுடைய கையும் விரலும் போலவே ஆகிவிட்டன. எனக்குத் தலைக்கனமும் ஏறிவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

குட்டிக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. அதன் செல்ஃப் மோட்டார் பாதி செத்துப்போனது. மாற்றுச் சாமான் இந்த ஊரில் கிடைக்காது. காலைக் குளிரில் லாரியின் பேட்டரியையும் இன்னொரு பேட்டரியையும் சேர்த்து வயர் கொடுத்து, எண்ணெய்த் துணியைக் கொளுத்திக் காற்றுக்குழாய் வாயில் காட்டி, கெஞ்சிக் கூத்தாடினால்தான் உயிர் வரும். சில நாள் அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. காலையில் கிளப்பிய எஞ்சினைப் பொழுது சாயும் வரை நிறுத்தக் கூடாது. சோறு தின்னும்போதும் அது ஒரு பக்கம் கத்திக்கொண்டே கிடக்கும். "மாமியா வாய் கூட மத்தியானம் ஓயும், இது ஓயாது" என்று கல் உடைக்கும் பெண்கள் சொல்வார்கள்.

அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அதற்காகத்தான் தட்டு. பாறையைத் தூக்க வேண்டுமென்றால் ஒருவன் முன்னால் போய், பாறையைச் சுற்றிச் சங்கிலி போட்டு, அதை வாளியில் மாட்டிவிட வேண்டும். அவன் அங்கே குனிந்து நிற்கும்போது மிஷினின் கை அவனை மறைத்துவிடும், சீட்டில் இருக்கும் எனக்கு அவன் தெரிய மாட்டான். அவன் ஒரு சின்னச் சுத்தியலால் வாளியில் தட்டுவான். ஒரு தட்டு என்றால், என் கை உள்ளே இருக்கிறது, அசைக்காதே. மூன்று தட்டு என்றால், கட்டியாயிற்று, விலகிவிட்டேன், தூக்கு. காதால் கேட்கிற தட்டல்ல அது. வாளியிலிருந்து இரும்பு வழியாக ஏறி, லிவரைப் பிடித்திருக்கும் என் உள்ளங்கையில் வந்து சேரும். யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நாங்கள் இரண்டு பேருமே கண்டுபிடித்தது.

அந்த இன்னொருவன் சிலோனிலிருந்து வந்தவன். எழுபதுகளில் கப்பலில் வந்து இறங்கிய குடும்பம். முதலில் கொடைக்கானல் காட்டில் வாட்டில் மரத்துப் பட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள், பிறகு எங்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். அவனுக்கு முப்பது வயதிருக்கும். அவன் மனைவியும், கைப்பிள்ளையை மரநிழலில் போட்டுவிட்டு, எங்களோடுதான் ஜல்லி உடைத்தாள். இரண்டு பேரும் காபியைக் கோப்பி என்பார்கள், நாங்கள் அதையே சொல்லிச் சொல்லிக் கேலி செய்வோம். அவன் கோபிக்க மாட்டான். "நீங்க கோப்பியக் குடிச்சதே இல்லண்ணே, இங்க இருக்கறது சுடுதண்ணி" என்பான். என்னைவிட அவன் சிறியவன் என்பதால் நான் அவனை ஏலே என்றுதான் கூப்பிடுவேன்.

மேல்மலையில் போளூர் போகும் வழியில் ஒரு மழைநாளில் பெரிய மரம் ஒன்று ரோட்டில் விழுந்து கிடந்தது. வழக்கம்போல அவன் சங்கிலி போட்டான், மூன்று தட்டினான், நான் தூக்கினேன். பாதி உயரத்தில் சங்கிலி அறுந்தது. அறுந்த முனை அவன் தலைக்கு மேலே போய், தலையில் கட்டியிருந்த துண்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. நாங்கள் சிரித்தோம். ஆபத்து தப்பினால் முதலில் சிரிப்புத்தான் வரும், கை கால் நடுங்குவது பிறகுதான். அவன் மனைவி சிரிக்கவில்லை. நேராக முதலாளியிடம் போனாள். "ஐயா, இந்தச் சங்கிலி வேலை இனி வேணாங்க. வேற என்னாச்சும் வாங்கிக் குடுங்க. இல்லாட்டி அவர நான் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றாள். எங்கள் கூட்டத்தில் முதலாளியிடம் அப்படிப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "திண்டுக்கல்ல பட்டறையில போய்ப் பாரு. கல்லப் புடிக்கிற மாதிரி மிஷின்ல மாட்டுற சாமான் இருக்காம். எது தோதோ நீயே முடிவு பண்ணு. அவனையும் கூட்டிட்டுப் போ" என்றார். நீயே முடிவு பண்ணு என்று அவர் சொன்னது அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

பட்டறைக்காரர் இரண்டு வழி காட்டினார். ஒன்று, பழைய இரும்புக் கடையிலிருந்து அவர் எடுத்து வைத்திருந்த கிராப். பார்க்க நண்டுக் கொடுக்கு மாதிரியே இருந்ததால் கொடுக்கு என்றுதான் சொன்னோம். ஒரு பக்கம் மூன்று விரல், எதிர்ப் பக்கம் இரண்டு விரல். வாளியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்ட வேண்டும். குட்டியில் சும்மா கிடந்த இன்னொரு ஆயில் லைனை இதற்குக் கொடுத்தால், சீட்டில் இருந்தபடியே நான் திறக்கலாம், மூடலாம். முன்னால் ஆள் போகவே வேண்டாம். மற்றது, கட்டைவிரல். கனமான இரும்புத் தகட்டில் இரண்டு பல் வைத்து அவரே செய்து தருவது. மிஷின் கையின் உள்பக்கத்தில் பற்றவைத்துவிட்டால் வாளிக்கு எதிரே நிற்கும். வாளியை மடக்கினால் கல் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். வாளியைக் கழற்ற வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கட்டைவிரல் தானாக அசையாது. மண் அள்ளும்போது அதை மேலே மடக்கி ஒரு பின்னைச் செருக வேண்டும். கல் தூக்கும்போது பின்னை உருவி, கீழே இறக்கி, மறுபடி செருக வேண்டும். அதை ஒரு ஆள் வாளிக்கு முன்னால் நின்று கையால்தான் செய்ய வேண்டும். பட்டறைக்காரர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட்டு இதையெல்லாம் தெளிவாகவே சொன்னார். தெரியாமல் முடிவெடுத்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

நான் கொடுக்கின் விரலிடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பிப் பார்த்தேன். பின்கள் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தன. "இதுல ஆட்டம் இருக்கு" என்றேன். "பின்னச் சுத்தி இருக்கற புஷ்ஷ மாத்திட்டா சரியாப் போயிரும், அது ஒரு வார வேலைதான்" என்றார் பட்டறைக்காரர். "கொடுக்கு மாட்டினா மண்ணு அள்ள முடியாதே. சரிவுல மண்ணும் கல்லும் கலந்துல்ல கெடக்கும். மாத்தி மாத்தி மாட்டவே பொழுது போயிருமே" என்றேன். அதுவும் நியாயமான பேச்சுதான். ஆனால் உள்ளே இருந்த காரணம் வேறு. வாளியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. வாளியோடு நான் செய்கிற வேலையைப் பார்க்கத் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர்கள் கூட வந்து நிற்பார்கள். தடிமனான இரண்டு பின்களைச் சம்மட்டியால் அடித்து அடித்து, வாளியை எடுத்துக் கொடுக்கை மாட்டுவதை நினைத்தாலே எனக்குச் சோம்பலாகவும் இருந்தது.

அவன் கொடுக்கையே சுற்றிச் சுற்றி வந்தான். அதன் விரல்களைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, இதையே வாங்கிருவமே. இதுன்னா நான் முன்னால போக வேணாந்தானே?"

"முன்னால போகலைன்னா பெறகு ஒனக்கு என்னலே சோலி? சங்கிலியும் கெடையாது, பின்னும் கெடையாது. மொதலாளி ஒன்னையப் படம் புடிச்சுச் செவத்துல மாட்டவா வச்சிருப்பாரு?"

பட்டறைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவன் கொஞ்ச நேரம் தரையில் இருந்த சுண்ணாம்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வேலை போய்விடாது, எங்கள் கூட்டத்தில் ஒரு ஆளுக்கு எப்போதும் வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்குத் துரத்தப்பட்டவனிடம் வேலை போய்விடும் என்று விளையாட்டுக்குக் கூடச் சொல்லக் கூடாது. "அதுஞ் சரிதான். கட்டவெரலே இருக்கட்டும்ண்ணே" என்றான்.

கொடுக்கு வேண்டாம் என்று பட்டறைக்காரரிடம் சொன்னது நான்தான்.

பத்து நாளில் கட்டைவிரல் வந்தது. மூன்று துளை, ஒரு பின், வாளியின் மூன்று பல்லுக்கு நடுவே அளவெடுத்தது போல இறங்கும் இரண்டு பல். முதலாளி பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அவன் எலுமிச்சம்பழத்தைக் குட்டி உருளும் இரும்புச் செயினுக்கு அடியில் வைத்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டு ஒரு கமலா ஆரஞ்சை வாங்கி ஒரு கல்லின் மேல் வைத்தான். "இத நசுங்காம எடுங்கண்ணே பாப்பம்" என்று சைகை காட்டினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாளியை இம்மியிம்மியாக மடக்கி எடுத்து, அவன் மனைவியின் முந்தானைக்கு மேலே கொண்டுபோய் விட்டேன். பழத்தில் ஒரு கீறல் இல்லை. அவள் அதை உரித்து எல்லோருக்கும் ஆளுக்கொரு சுளை கொடுத்தாள். சங்கிலி போனதில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

அவன் முன்னால் போவது மட்டும் குறையவில்லை, கூடிவிட்டது. முன்பு பெரிய பாறை வந்தால்தான் போவான். இப்போது மண்ணுக்கும் கல்லுக்கும் மாறும்போதெல்லாம் போக வேண்டியிருந்தது. காலையிலிருந்து சாயந்தரம் வரை, அறுத்துவிட்ட மலைச் சுவருக்கும் வாளிக்கும் நடுவில் போய் நின்று பின்னை உருவுவான், செருகுவான். ஒரு தட்டு. பிறகு மூன்று தட்டு. எனக்கு அவனைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

ஆடலூருக்குக் கீழே ஒரு தோட்டப் பாதை. மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே சரிந்திருந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தோம். ஐந்து நாள் பெய்த மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. நல்ல வெயில். மழையில் வருகிற சரிவை விட வெயிலில் வருகிற சரிவுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வெயிலைக் கண்டால் மனசு லேசாகிவிடுகிறது. வெள்ளனே வேலையை ஆரம்பித்தோம். ஒன்பது மணி வாக்கில் ஒரு பாறை வந்தது. நான் கையை நீட்டி வாளியைத் தரையில் ஊன்றினேன். அவன் முன்னால் போனான். ஒரு தட்டு வந்தது. கட்டைவிரல் கீழே இறங்குவதைப் பார்த்தேன், பின் செருகப்பட்டதும் தெரிந்தது. மூன்று தட்டுக்காகக் காத்திருந்தேன்.

மலை இறங்கியது. ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததே. மரங்கள் நின்றவாக்கிலேயே என்னை நோக்கி வந்தன. குட்டியை அது பக்கவாட்டில் தள்ளி, ஊன்றியிருந்த கையை மேலே தூக்கிவிட்டது. புழுதி அடங்கியபோது வாளி அந்தரத்தில் இருந்தது. அவன் நின்ற இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பாறையும் மண்ணும் கிடந்தன.

மிஷின் ஓடியது, எனக்கும் அடி இல்லை. வெரசா எடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். கட்டைவிரல் கல் தூக்கும் நிலையில் பூட்டியே இருந்தது. அவன் கடைசியாகச் செருகிய பின். கூட்டத்தார் மண்வெட்டியால் மண்ணை இழுக்க, நான் கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்தேன். அவனைச் சரிவு இடப்பக்கமாக இழுத்துப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டு இடப்பக்கத்திலிருந்தே தொடங்கினேன். லாரி, ஆள் கூட்டிவரப் பண்ணைக்காட்டுக்குப் போய்விட்டது. பேட்டரிகளும் லாரியோடு போய்விட்டன.

ஒரு மணி நேரம் இருக்கும். அவன் மனைவி வலப்பக்கத்தில், ஒரு பெரிய பலகைப் பாறையின் மேல் குப்புறப் படுத்துக் காதை வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடி வந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறினாள். காதோரம் வந்து கத்தினாள்.

"அண்ணே, இஞ்சின நிப்பாட்டுங்க! என்னமோ சத்தம் கேக்குது. ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க!"

"நிறுத்துனா திரும்ப ஓடாதும்மா! லாரி இல்ல, பேட்டரி இல்ல. எப்பிடித் தூக்குறது?"

"ஒரே ஒரு நிமிசம்ண்ணே!"

"எறங்கும்மா! நேரம் போவுது! அது இஞ்சின் சத்தம்!"

அவள் இறங்கினாள். நான் கத்தியது சரிதான் என்று அந்த நேரத்தில் நூறு சதம் நம்பினேன். எஞ்சினை நிறுத்தக் கூடாது என்பது எங்கள் வேதம். நிறுத்தியிருந்தால் அது மறுபடி ஓடியிருக்காது, அதுவும் உண்மை. ஆனால் ஐம்பது பேர் இருந்தார்கள், கடப்பாரை இருந்தது. எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிந்திருந்தால் அவர்களே நெம்பி எடுத்திருப்பார்கள். இது எனக்குத் தோன்றியது இரண்டு நாள் கழித்து, மாதா கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது.

அவள் இறங்கிய பிறகு, இடையில் கிடந்த ஒரு பாறையைக் கட்டைவிரலால் பிடித்தேன். அதன் மறுமுனை அந்தப் பலகைப் பாறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிடித்ததும் லிவரில் ஏதோ வந்தது. எஞ்சினின் நடுக்கத்துக்கு நடுவே மெலிசாக வேறொன்று. நான் ஒரு கணம் கையை அசைக்காமல் வைத்திருந்தேன். பம்பு பழசு, ஆயில் சூடாகிவிட்டது, அதுதான் உதறுகிறது என்று சொல்லிக்கொண்டு அந்தப் பாறையைத் தூக்கி ஓரம் வைத்தேன். மறுபடி இடப்பக்கமே போனேன்.

இடப்பக்கம் முழுவதையும் எடுத்து முடிக்க இன்னும் இரண்டு மணி நேரம் ஆனது. அங்கே அவன் இல்லை. பிறகுதான் பலகைப் பாறைக்கு வந்தேன். கட்டைவிரலையும் வாளியையும் அதன் விளிம்பில் பூட்டித் தூக்கினேன். அடியில் ஒரு பொந்து மாதிரி இருந்தது. அவன் அதற்குள் மல்லாந்து கிடந்தான். நசுங்கவில்லை. இடுப்பு வரை மண், முகம் மட்டும் வெளியே. உடம்பில் சூடு இன்னும் போகவில்லை என்று தூக்கியவர்கள் பிறகு சொன்னார்கள். காற்றுத்தான் தீர்ந்திருந்தது. அவனுடைய வலது கையில் அந்தச் சின்னச் சுத்தியல் இருந்தது.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நான் ஒருவன்தான் பாறையைப் பார்த்தேன். அது அந்தரத்தில், அடிப்பக்கம் எனக்கு நேராகத் தெரிகிற மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. கறுத்த ஈரக் கல்லில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கொத்திய தழும்புகள். மூன்று, கொஞ்சம் தள்ளி மூன்று, அதற்குப் பக்கத்தில் மூன்று. கடைசிப் புள்ளிகள் மங்கலாக இருந்தன, கை ஓய்ந்துபோயிருக்க வேண்டும். நான் கையைச் சுழற்றி, ஆரஞ்சை எடுத்த அதே பதத்தில், பாறையை அடிப்பக்கம் கீழே போகும்படி ரோட்டோரம் இறக்கி வைத்தேன். அவள் தலை நிமிர்வதற்குள் செய்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் எஞ்சினை நிறுத்தினேன். அன்றைக்கு எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தது அந்த அமைதியில்தான்.

ஒரு வாரம் கழித்து அங்கே தடுப்புச் சுவர் கட்டினோம். அந்தப் பாறையை அடிவரிசையில், தழும்புப் பக்கம் மலையைப் பார்க்க நானே வைத்தேன். கொத்தனார் "நல்ல மொகம் உள்ளுக்குப் போவுதேப்பா" என்றார். "போவட்டும்" என்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். தோட்டத்துக் கூலி வீடுகளின் வரிசையில் கடைசி வீடு. அவர்கள் அதை லயம் என்பார்கள். சோறு போட்டார்கள், பாதியில் கையைக் கழுவிவிட்டேன். எல்லோரும் போன பிறகு அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம். குரலில் சண்டை இல்லை.

"அண்ணே, ஒன்னு கேக்கலாங்களா?"

"கேளும்மா."

"அவரு வீட்டுல அடிக்கடி சொல்வாரு. நான் மூணு தட்டுனாப் போதும், அண்ணன் கைக்குத் தெரிஞ்சிரும், கண்ணால பாக்க வேண்டியதே இல்லன்னு. அன்னைக்கி நான் காது வச்சப்ப என்னமோ தட்டுற மாதிரித்தான் கேட்டுச்சு. ஒங்க கைக்கு ஒன்னும் தெரியலீங்களா?"

என் வலது கை மடியில் கிடந்தது. அவள் முகத்தைத்தான் பார்த்துக் கேட்டாள், ஆனால் அந்தக் கையைப் பார்த்துக் கேட்டது போல இருந்தது.

"இல்ல தங்கச்சி" என்றேன். "ஒன்னுமே தெரியல. ஒனக்குக் கேட்டது இஞ்சின் சத்தம்தான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மூச்சு விட்டாள். "அப்பச் சரிங்கண்ணே. தட்டியிருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவரு ஒடனேயே போயிட்டாரு போல. கஷ்டப்படல" என்றாள். எனக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தப் பொய் அவளுக்குத் தூக்கம் கொடுத்திருக்கும். அவளுக்காகத்தான் சொன்னேன் என்று நான் பல வருடம் சொல்லிக்கொண்டேன். அவளுக்காக மட்டும் என்றால், பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதை மட்டும் ஏன் சாமியாரிடம் சொல்லாமல் எழுந்து வந்தேன்? எனக்கும் அந்தப் பொய் வேண்டியிருந்தது. எனக்குத்தான் அதிகமாக வேண்டியிருந்தது.

முதலாளி மறு மாதமே திண்டுக்கல்லிலிருந்து அந்தக் கொடுக்கை வரவழைத்தார். புஷ் மாற்றி, ஆட்டம் எடுத்து, புதுசு போல வந்தது. கட்டைவிரலைக் கேஸ் வைத்து அறுத்துப் போட்டார்கள். கொடுக்கு அருமையாகப் பிடித்தது. மாற்றி மாட்ட நான் பயந்த நேரத்தில் பாதி கூட ஆகவில்லை. முன்னால் யாரும் போகவில்லை, யாரும் தட்டவில்லை. நான் அதன்மேல் மூன்று மாதம்தான் உட்கார்ந்தேன். ஆள் இல்லாத அந்த இடத்திலிருந்து லிவருக்குத் தட்டு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். மறுபடி கிளப்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். இவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். முதலாளி வேறு ஆளைப் போட்டார். எண்பதுகள் முடிவதற்குள் அவளும் பிள்ளையும் நீலகிரிப் பக்கம் சொந்தக்காரர்களிடம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அந்தத் தடுப்புச் சுவர் இன்னும் நிற்கிறது. பாசி படிந்து, இடுக்கில் பெரணி முளைத்து, நல்ல கட்டுமானம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. அந்தத் தோட்டப் பாதை இப்போது பஸ் ரோடாகிவிட்டது. ஆடலூர் பஸ் அந்த வளைவில் வேகம் குறைக்கும்போது நான் இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைகளுக்குள் விட்டுக்கொள்கிறேன். அப்படியும் அது வரும்.

பொய் சொன்னேன், தங்கச்சி. அந்தப் பாறையைப் பிடித்த கணத்திலேயே என் கைக்குத் தெரிந்தது.